நாடா திட்டிய நாள்

இப்போதும் எங்கேயாவது ஓர் அணில் கத்தினால் டெய்லரம்மாவின் கால் மெஷின் மிதியில் அப்படியே நின்றுவிடும். அளவு கொடுக்க வந்தவர்கள் பதறிப்போய்க் கேட்பார்கள்.

"என்னம்மா, நூல் அறுந்துடுச்சா?"

"இல்ல, பூனை வருது."

அவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். தெரு காலியாக இருக்கும். 'பாவம், வயசாகுது' என்று அவர்கள் நினைத்து முடிப்பதற்குள் எதிர் மதில்மேல் ஒரு பூனை, சொந்த வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல, சாவகாசமாக நடந்து வரும்.

இது அவளுக்குப் பிறவியிலேயே வந்த வித்தை இல்லை. அவளும் நாத்தனாரும் சேர்ந்து அழுதும் சிரித்தும் கற்றுக்கொண்டது. அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் அவள் முகம் மலர்ந்துவிடும். கூடவே கண்ணும் கொஞ்சம் கலங்கும்.

நாத்தனார் பஸ் கண்டக்டர். புகுந்த வீடு ஒத்துவராமல் இரண்டு பெட்டிகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்து இறங்கினாள். அண்ணனோ வீட்டில் இல்லை. சரக்குக் கப்பலில் என்ஜின் அறை வேலை அவனுக்கு. வருஷத்தில் முக்கால்வாசி தண்ணீரில்தான் கழியும். வீட்டில் இருந்தது அண்ணி மட்டும். முன்னறையில் மெஷின், வெட்டும் மேசை, சுவர் முழுக்க நூல்கண்டுகள். பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் துணி காயப்போடும் முற்றம். முற்றத்தின் மதிலை ஒட்டி ஒரு பெரிய மாமரம்.

டெய்லரம்மாவுக்கு அமைதி வேண்டும். பிடித்த வேலை, பிடித்த ஜன்னல், வாயில் நாலு குண்டூசி, போதும். கண்டக்டருக்குப் பிதுங்கும் பஸ்ஸில் பேசிப் பழகிய குரல். "உப்பு எங்க இருக்கு?" என்று அவள் கேட்டால், அடுத்த தெருவில் யாராவது இறங்குவதற்குத் தயாராகிவிடுவார்கள் போலிருக்கும். முதல் வாரத்திலேயே இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் பேச்செல்லாம் சுவரோடுதான். "பால் அடுப்புல இருக்கு" என்று ஒருத்தி சுவரிடம் சொல்வாள். "பாத்தாச்சு" என்று இன்னொருத்தி வாளியிடம் சொல்வாள். கப்பலிலிருந்து போன் வந்தால் மட்டும் இரண்டு பேரும், "எல்லாம் நல்லாத்தான் இருக்கோம்" என்று ஒரே குரலில் சொல்வார்கள்.

ஒருநாள் காலையில் மின்கம்பியில் உரசும் கிளைகளை வெட்ட ஆட்கள் வந்தார்கள். வெட்டிய கிளையோடு ஒரு கூடும் கீழே விழுந்தது. நார், பஞ்சு, அதற்குள் டெய்லரம்மாவின் கடைத் துணித்துண்டுகள். உள்ளே கண் திறக்காத இரண்டு அணில் குட்டிகள். ஆட்கள் போனதும் அவள் ஒரு செருப்புப் பெட்டியில் வெட்டுத்துணி போட்டு, குட்டிகளை அதில் வைத்து, மரத்தடியிலேயே விட்டுப் பார்த்தாள். தாய் வந்து தூக்கிக்கொண்டு போகும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஆட்கள் எழுப்பிய சத்தத்தில் எங்கே ஓடியதோ.

சாயங்காலம் கண்டக்டர் வேலை முடிந்து வந்தபோது, அண்ணி முற்றத்துப் படியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் எட்டிப் பார்த்தாள். அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சுவரை விட்டுவிட்டு நேராக அண்ணியிடம் பேசினாள்.

"மூச்சு இருக்கா?"

"இருக்கு. ஆனா சில்லுனு இருக்கு."

"குடுங்க இப்படி." கண்டக்டர் இரண்டையும் எடுத்து, காக்கிச் சட்டையின் மேல்பாக்கெட்டுக்குள் ஒவ்வொன்றாக விட்டாள். "நாள் பூரா கூட்டத்துல நின்ன உடம்பு அண்ணி. அடுப்பு மாதிரி இருக்கும்."

அந்தப் பாக்கெட்டோடுதான் இருவரும் கால்நடை டாக்டரிடம் போனார்கள். டாக்டர் ஓர் இளம்பெண். மாட்டுப்பால் கூடாது, நாய்க்குட்டிகளுக்கு என்று பால்பவுடர் இருக்கிறது, அதை வெதுவெதுப்பாகக் கரைத்துச் சொட்டுமருந்துக் குழாயால் கொடுங்கள், கொடுத்ததும் ஈரப் பஞ்சால் வயிற்றுக்குக் கீழே தடவிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுகளுக்குச் சிறுநீர் வராது என்றாள். கடைசியில் இன்னொன்றும் சொன்னாள்.

"ரொம்பக் கொஞ்சாதீங்க. என்ன இருந்தாலும் மரத்துக்குத் திரும்பப் போகவேண்டியது."

யார் கேட்டார்கள்? உருண்டைக் கண்ணோடு விழித்ததற்குப் பொத்தான் என்று பெயர். ஒல்லியாக நீளமாக நெளிந்ததற்கு நாடா. பகலில் அண்ணியின் மெஷின் பக்கத்தில் ஒரு கம்பிக் கூண்டில், மாலையில் கண்டக்டரின் பாக்கெட்டில். பொத்தான் அளவுநாடாவில் ஏறி வாடிக்கையாளர் தோளுக்குத் தாவும். நாடா வெட்கக்காரி, கூண்டுக் கம்பியில் ஒருதரம் இடது காதைக் கிழித்துக்கொண்டதிலிருந்து எதையும் இரண்டு தடவை முகர்ந்துதான் தொடும். கண்டக்டர் தன் இரும்புக் குரலை எங்கே ஒளித்தாளோ, "என் கண்ணு, என் பட்டு" என்று குழைவாள். டெய்லரம்மா வாயிலிருந்த ஊசிகளை எடுத்துவிட்டுச் சிரிப்பாள். சுவருக்கும் வாளிக்கும் அந்த வீட்டில் வேலையில்லாமல் போனது.

வளர்ந்ததும் டாக்டர் சொன்னபடி கூண்டை மாமரத்தின் கவட்டையில் கட்டி, கதவைத் திறந்துவிட்டார்கள். விரட்டவில்லை. முதல் நாள் இரண்டும் வாசலில் உட்கார்ந்து வெளியே பார்த்ததோடு சரி. மறுநாள் ஒரு கிளை. அப்புறம் இரண்டு கிளை. பொழுது சாய்ந்தால் கூண்டுக்கு வந்துவிடும். கொஞ்ச நாளில் அதுவும் நின்று, மரத்திலேயே தங்கின. ஆனால் டெய்லரம்மா மதிலோரம் நின்று நாக்கைச் சொடுக்கினால் போதும், தலைகால் புரியாமல் ஓடிவந்து கையில் ஏறும். அதில் அவளுக்கு அப்படியொரு பெருமை. பக்கத்துவீட்டுப் போட்டோ ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டுப் படம்கூட எடுக்க வைத்தாள்.

அந்த மரத்தில் வேறு அணில்களும் இருந்தன. அவை ஓயாமல் ஏதோ கத்திக்கொண்டிருக்கும். அது அவளுக்குத் தெருச் சத்தம் மாதிரி, காதில் விழும், மனசில் ஏறாது.

ஒரு விடுமுறை நாள். கண்டக்டர் துணி பிழிந்து கொடுக்க, டெய்லரம்மா கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். மரத்தின் உச்சியிலிருந்து ஒரு மெல்லிய சத்தம், கம்பி இழுத்தாற்போல, ஒரே ஒரு தடவை வந்தது. உடனே மரம் முழுக்க அடங்கிவிட்டது. கிளைகளில் இருந்த அணில்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே பட்டையோடு ஒட்டிக்கொண்டன. நாடாவும் ஒரு கிளையின் அடிப்பக்கத்தில் தொங்கியபடி உறைந்தாள். 'அப்பாடா, என்ன அமைதி' என்றுதான் டெய்லரம்மா நினைத்தாள். நினைத்துக்கொண்டே நாக்கைச் சொடுக்கினாள்.

பொத்தான் மட்டும் நிமிர்ந்து பார்த்தது. மதில்மேல் குதித்து அவளை நோக்கி ஓடிவந்தது. அவள் கையை நீட்டினாள். காற்று சரேலென்று கிழிந்தது. ஒரு வல்லூறு அவள் முகத்தருகே சாய்ந்து எழும்பியது. மதில்மேல் ஒன்றும் இல்லை.

டெய்லரம்மா மதிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கண்டக்டர்தான் வந்து அந்தக் கையை மடக்கி, அவளைப் படியில் உட்காரவைத்தாள். பக்கெட்டில் துணி அப்படியே கிடந்தது. டெய்லரம்மா சொன்னாள்:

"நான்தான் கூப்பிட்டேன்."

"ஆமா. நான் கூப்பிட்டிருந்தாலும் அது வந்திருக்கும்."

"மத்ததெல்லாம் ஒளிஞ்சுதே. நாடாகூட ஒளிஞ்சாளே."

"அந்தச் சத்தத்தை அதுங்க நம்புச்சுங்க அண்ணி. பொத்தான் நம்மள நம்புச்சு."

பழி சொல்கிற குரலில் அவள் சொல்லவில்லை. ஆனாலும் அது டெய்லரம்மாவின் நெஞ்சில் தைத்துவிட்டது. இரண்டு நாள் மெஷின் ஓடவில்லை. மூன்றாம் நாள் அவள் கடையைத் திறந்து, மெஷினையும் நாற்காலியையும் சுவர் பக்கத்திலிருந்து பின்கதவுக்கு நேராகத் திருப்பிப் போட்டாள். மெஷினில் உட்கார்ந்தால் சமையலறை வாசல்வழியாக முற்றமும் மரமும் தெரியும்.

"என்ன அண்ணி, வாடிக்கையாளருக்கு முதுகக் காட்டிட்டு உக்காரப் போறீங்களா?"

"ஜாக்கெட்டுக்கு முதுகு டிசைன் கேட்டுத்தானே வராங்க, என் முதுகையே பாத்துட்டுப் போகட்டும். இனிமே நாக்கு சொடுக்கக் கூடாது. நீயும்தான். கையில குடுக்கக் கூடாது. அது என்ன சொல்லுதுன்னு நாம கத்துக்கணும்."

இப்படித்தான் தொடங்கியது.

முதலில் பிடிபட்டது பூனைக் கத்தல். 'ச்சிக், ச்சிக், ச்சிக்' என்று விடாமல், மூச்சு முட்டும்வரை கத்தும். ஒவ்வொரு கத்தலுக்கும் வால் ஒருமுறை வெட்டி எழும்பும். ஸ்டூடியோக்காரரின் சாம்பல் பூனை முற்றத்துக்கு வந்தால் இந்தக் கத்தல்தான். பூனை கிட்டே வரவரக் கத்தல் நெருங்கும். தள்ளிப் போகப்போக இடைவெளி விடும். பூனை எங்கே என்று தேடவே வேண்டியதில்லை, அணிலின் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் போதும் என்று கண்டுபிடித்தவள் கண்டக்டர்.

"பாத்தீங்களா, இது ஒளியிறதுக்கு இல்ல. 'உன்னைப் பாத்துட்டேன், போடா'ன்னு பூனை மூஞ்சிக்கு நேரா சொல்லுது. ஓசியில ஏறினவனை நான் கேக்கற மாதிரி. ஊருக்கே கேக்கணும், அப்பதான் அவன் இறங்குவான்."

"அப்ப அந்த இன்னொரு சத்தம்?"

கண்டக்டர் சற்று யோசித்தாள். "அது ஒத்தை விசில் அண்ணி. ஒத்தை விசில் குடுத்தா வண்டி நின்னுடணும். கேள்வி கிடையாது."

அந்த ஒற்றைச் சத்தம் வந்தால் பார்க்கவேண்டியது மரத்தை அல்ல, வானத்தை. அதைவிட முக்கியம், அதற்குப் பின்னால் வரும் அமைதி. அந்த அமைதிதான் ஆபத்து என்பது டெய்லரம்மாவுக்குப் புரிந்தபோது, அமைதியை அவ்வளவு விரும்பிய அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

தப்பும் நிறையப் பண்ணினார்கள். வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், நாடா கிளைமேல் நாலு காலையும் பரப்பி, வயிறு படியக் குப்புறக் கிடந்தாள். செத்துப்போய்விட்டாள் என்று டெய்லரம்மா ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பாதி ஏணி ஏறியதும் நாடா ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, திரும்ப மூடிக்கொண்டாள். டாக்டரிடம் கேட்டபோது அவள் சிரித்தாள். "சூடு தணிக்கப் படுத்திருக்கு. நீங்க தரையில படுக்க மாட்டீங்களா, அப்படித்தான்."

இன்னொரு நாள் விடியற்காலையிலிருந்து நாடா கத்திக்கொண்டே இருந்தாள். விட்டுவிட்டு, ஒரே தாளத்தில், ஓயவே இல்லை. டெய்லரம்மா துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு முற்றமெல்லாம் பூனையைத் தேடினாள். குளியலறைக்குப் பின்னால் பார்த்தாள். மதிலேறி ஸ்டூடியோக்காரரின் மாடிப்படிக்குக் கீழேயும் பார்த்தாள். அவர் தன் பூனையை மடியில் வைத்துக் காட்டி, "இங்கதாம்மா இருக்கு, சத்தியமா!" என்றார். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கண்டக்டர் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். நாலைந்து ஆண் அணில்கள் வெவ்வேறு கிளைகளிலிருந்து வரிசை கட்டி வந்துகொண்டிருந்தன.

"அண்ணி! துடைப்பத்தக் கீழ போடுங்க. அது பயத்துல கத்தல. மாப்பிள்ளை பாக்குது!"

டெய்லரம்மா துடைப்பத்தோடு நின்ற கோலத்தைப் பார்த்துக் கண்டக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு அவள் போகவேண்டிய முதல் பஸ்ஸையே தவறவிட்டாள். டெய்லரம்மா முதலில் முறைத்தாள். அப்புறம் அவளும் படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஓய்ந்த இடத்தில்தான், கண்டக்டர் தன் புகுந்த வீட்டைப் பற்றி முதன்முதலாகப் பேசினாள். அங்கே யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, ஒரு வார்த்தையும் பேசவில்லை என்றாள். "நான் கத்திப் பேசறேன்னு எல்லாரும் சொல்றாங்க அண்ணி. அந்த வீட்டு அமைதி இருக்கே, அதுக்குப் பயந்துதான் நான் கத்த ஆரம்பிச்சேன்." டெய்லரம்மா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இனி இந்த வீட்டில் யாரும் யாரையும் சத்தம் குறைக்கச் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குள் முடிவாகிவிட்டது.

நாடா மெல்ல மெல்லத் தள்ளிப் போனாள். முதலில் மதிலுக்கு வருவது நின்றது. பிறகு தாழ்ந்த கிளைக்கு வருவதும் நின்றது. டெய்லரம்மா துணி போட வந்தால் மரத்தண்டின் மறுபக்கம் சுற்றிக்கொண்டு, கிழிந்த காதும் ஒரு கண்ணும் மட்டும் தெரிய எட்டிப் பார்ப்பாள். முன்னங்காலை ஓங்கி ஓங்கி மிதிப்பாள். வால் முடி குப்பி கழுவும் தூரிகை மாதிரி சிலிர்த்து நிற்கும். 'வரலாமா, வேண்டாமா' என்று தனக்குள் வழக்காடுவது அப்படியே தெரியும். ஒவ்வொரு தடவையும் டெய்லரம்மாவின் நாக்கு சொடுக்கத் துடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு கொடியில் துணியைப் போட்டுவிட்டு வந்துவிடுவாள்.

மழை ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில் அது நடந்தது. டெய்லரம்மா வாளியோடு முற்றத்தில் இறங்கியதும் மேலே நாடா கத்தத் தொடங்கினாள். 'ச்சிக், ச்சிக், ச்சிக்!' நெருக்கமான கத்தல், வால் வெட்டி வெட்டி எழும்பியது. பூனைதான், கிட்டத்திலேயே இருக்கிறது. அவள் வாளியை வைத்துவிட்டு மதிலைப் பார்த்தாள். இல்லை. கொடிக்கம்பத்துக்குப் பின்னால், பழைய கூண்டுக்குக் கீழே, எங்கும் இல்லை. பாம்பாக இருக்குமோ என்று தரையெல்லாம் தேடினாள். ஒன்றுமில்லை. அவள் மரத்துக்குப் பக்கத்தில் போகப்போகக் கத்தல் இன்னும் நெருங்கியது.

"எங்கடி இருக்கு? எந்தப் பக்கம்? சொல்லேன்!" என்று அண்ணாந்து கெஞ்சினாள்.

சமையலறை வாசலில் காபி டம்ளரோடு நின்ற கண்டக்டர் மெதுவாகச் சொன்னாள், அவளுக்கே வழக்கமில்லாத சின்னக் குரலில்.

"அண்ணி. மூக்கு எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாருங்க."

டெய்லரம்மா பார்த்தாள். அந்த மூக்கு நேராக அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒரு அடி பின்னால வாங்க."

அவள் ஒரு அடி பின்வாங்கினாள். கத்தலில் இடைவெளி விழுந்தது. இன்னொரு அடி வைத்தாள். இன்னும் மெதுவானது. படிவரை வந்ததும் நின்றேபோனது. நாடா ஒரு நிமிஷம் அங்கேயே இருந்து, அவள் திரும்ப வரவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, கிளையில் வைத்திருந்த நாரைக் கவ்விக்கொண்டு மேல்கவட்டைக்கு ஏறினாள். அங்கே ஒரு புதுக் கூடு இருந்தது. அதிலிருந்து ஊசிமுனை மாதிரிச் சின்னச் சின்னச் சத்தங்கள் கேட்டன.

"என்னையா?" என்றாள் டெய்லரம்மா. "என்னையாடி திட்டறா? இந்தக் கையால பால் குடுத்தேன். ஈரப் பஞ்சு வச்சுத் துடைச்சேன்."

"ஆமா அண்ணி. உங்களத்தான். பூனைக்குக் குடுக்கற அதே மரியாதை." கண்டக்டருக்குச் சிரிப்பு வந்தது. "பொத்தானுக்கு இது தெரிஞ்சிருந்தா..."

பேச்சை விட்டுவிட்டு டம்ளரைப் படியில் வைத்தாள். டெய்லரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரோஷமாகவும் இருந்தது. பெற்ற பெண் வேலைக்குப் போய் முதல் சம்பளத்தோடு வந்து நிற்பதைப் பார்க்கிற மாதிரியும் இருந்தது. "திட்டட்டும்," என்றாள் கடைசியில். "நல்லா வாய் நிறையத் திட்டட்டும். சரியான ஆளாத்தான் வளர்த்திருக்கோம்."

அன்றைக்கே துணிக்கொடியை அவிழ்த்து முற்றத்தின் மறுகோடியில் கட்டினார்கள். குட்டிகள் வெளியே வந்து ஓடியாடும்வரை, மரத்தடிக்கு யாரும் போவதில்லை என்று அந்த வீட்டில் சட்டமானது. கப்பலிலிருந்து விடுமுறையில் வந்த அண்ணன், காற்றாட மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரப்போனான். வீட்டுக்குள்ளிருந்து இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கத்திய கத்தலில் நாற்காலியைப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டான். "இந்த வீட்டுல எத்தனை அணிலுங்க இருக்கு?" என்றான் பரிதாபமாக.

வருஷங்கள் போயின. கண்டக்டருக்கு டிக்கெட் பரிசோதகர் வேலை கிடைத்து வேறு ஊருக்கு மாற்றலானாள். போகிற அன்று பெட்டிகள் நாலாகியிருந்தன. எல்லாவற்றிலும் அண்ணி தைத்துக் கொடுத்த துணிகள். வாசலில் இருவரும் சுவரோடு பேசிய காலத்தைச் சொல்லிச் சிரித்தார்கள். வண்டி தெருமுனை திரும்பியதும் வீட்டில் விழுந்த அமைதியை டெய்லரம்மாவால் தாங்க முடியவில்லை. ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டுதான் அன்று மெஷின் மிதித்தாள். மாமரத்தில் காது கிழிந்த அணில் எப்போது வராமல் போனது என்று அவளுக்குச் சரியாகத் தெரியாது. ஒரு பருவத்தில் இருந்தது. அடுத்த பருவத்தில் இல்லை. அதன் குட்டிகளின் குட்டிகளாக இருக்கலாம், இப்போதும் சில அங்கே ஓடுகின்றன.

போன மாதம் ஒரு மத்தியானம், காலர் தைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பரிசோதகரம்மா.

"அண்ணி, பேசாதீங்க. இதக் கேளுங்க." போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள் போலிருக்கிறது. 'ச்சிக், ச்சிக், ச்சிக்' என்று கேட்டது. பின்னால் ஏதோ வண்டி போகிற சத்தம். டெய்லரம்மா ஊசியைத் துணியில் குத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பூனை. தரையில. ரொம்பக் கிட்ட இல்ல. இப்ப உன் வீட்டத் தாண்டிப் போயிட்டிருக்கு."

அந்தப் பக்கம் ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் அந்தப் பழைய சிரிப்பு, முழு பஸ்ஸுக்கும் கேட்கிற சிரிப்பு.

"பூனை இல்ல அண்ணி! பக்கத்து வீட்டுல புதுசா ஒருத்தர் வந்திருக்கார். தலையில முடியே கிடையாது. தொப்பி வச்சிருந்தா அணில் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. கழட்டினார்னா போச்சு, அவர் தெருமுனை திரும்பற வரைக்கும் விடறதில்ல. மனுஷன் பாவம், தினமும் என்கிட்ட வந்து காரணம் கேக்கறார்."

"நீ என்ன சொன்ன?"

"என் அண்ணியக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

டெய்லரம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அளவு கொடுக்க வந்து நின்ற பெண் அவளையே வேடிக்கை பார்த்தாள். கொஞ்சம் உட்காரம்மா என்று அவளுக்குக் கையைக் காட்டிவிட்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "சரி, அந்த மொட்டைத்தலைக்காரர் எப்படி? நல்ல மாதிரியா?" என்று கேட்டாள்.